எண்ணிப் போட்ட தப்புகள்

மத்தியானம் பன்னிரண்டு நாற்பது ஆனால் போதும், ரொமினா ஒச்சோவாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. பள்ளிக்கூடத்தில் அன்றைக்குச் சோறும் பீன்ஸும் போட்டாலும் சரி, அட்டை மாதிரி சதுர பீட்சா போட்டாலும் சரி, எரிச்சல் ஒன்றுதான். அந்த நேரத்துக்குத்தான் மிஸ் சலினாஸ் வகுப்பு மூலையில் இருக்கும் வளைந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்து, "என் மஞ்சள் பிள்ளைங்கல்லாம் வாங்க" என்று கூப்பிடுவார். ஆறு பேர் எழுந்து போவார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி நயேலி, ரொமினாவின் உயிர்த்தோழி.

போகிறவள் சும்மா போனால்தான் என்ன? நாற்காலியைத் தரையில் கிறீச்சிட வைத்துப் பின்னால் தள்ளுவாள். முடியை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொள்வாள். மிஸ்ஸின் வலது கைப் பக்கத்து இடம் அவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. அங்கே காரச் சிப்ஸ் உண்டு. சரியாகப் பதில் சொன்னால் ஸ்டிக்கர் உண்டு. வெள்ளிக்கிழமையானால் கடையிலிருந்து வரவழைத்த நிஜமான வட்ட பீட்சா உண்டு. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வரும்போது நயேலியின் கையில் மிஸ்ஸின் பாதாம் கிரீம் வாசனை அடிக்கும்.

"மிஸ் எனக்கும் கொஞ்சம் தடவி விட்டாங்க. மோந்து பாருடி" என்று மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

ரொமினா மோந்து பார்ப்பாள். பார்க்காமல் இருக்க அவளால் முடிந்ததே இல்லை.

ரொமினா பச்சை. அதுவும் சாதாரணப் பச்சை இல்லை, ஜனவரி மாதிரித் தேர்வில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கிய பச்சை. வாசிப்புத் தேர்வில் நாற்பது கேள்வி, இருபத்தெட்டு சரியாக இருந்தால் ஐந்தாம் வகுப்பு தேறியது. தேறினால்தான் ஆறாம் வகுப்புக்கு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். ஏப்ரலில் முதல் தடவை, மே மாதம் இரண்டாவது, கோடையில் மூன்றாவது. மூன்றிலும் கோட்டை விட்டால் இதே அறை, இதே பெஞ்சு, தம்பி தங்கை வயசுப் பிள்ளைகளோடு.

அதற்காகத் தலைமை ஆசிரியர் மிஸ்டர் ப்ரூவர் வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்ட வைத்திருந்தார். பெயர் இருக்காது, எண்தான். ஆனால் எந்த எண் யார் என்று தெரியாத பிள்ளை அந்த வகுப்பில் கிடையாது. பச்சை என்றால் எப்படியும் தேறிவிடும், கவலை இல்லை. சிவப்பு என்றால் எப்படியும் தேறாது, அதற்கும் மெனக்கெட வேண்டாம். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்று, ஒரு தள்ளு தள்ளினால் தாண்டிவிடும் என்கிற மஞ்சள் பிள்ளைகள் ஆறு பேருக்குத்தான் மிஸ்ஸின் நாற்பது நிமிடம். பச்சைகளுக்கு ஒரு கட்டு அச்சடித்த தாள் கிடைக்கும், வாயைத் திறக்காமல் செய்ய வேண்டும். சிவப்புகள் பின்சுவர் ஓரம் கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். சரியான விடையைத் தொட்டால் திரையில் ஒரு தவளை குதிக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம்.

செப்டம்பரில் இப்படியா இருந்தது? சாப்பிட்டு வந்ததும் எல்லாரும் கம்பளத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ள, மிஸ் கதை வாசிப்பார். குரலை மாற்றி மாற்றி வாசிப்பார். ரொமினா ஒரு நோட்டில் பஸ் ஓட்டும் நாயைப் பற்றித் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். மிஸ் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் ஊதா மையில் "அப்புறம்?" என்று எழுதித் தருவார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த பக்கத்தை எழுதுவாள். ஜனவரியில் கம்பளத்தைச் சுருட்டிக் கிடங்கில் போட்டார்கள். கதை நேரம் போனது. மிஸ்ஸின் கையில் ஊதாப் பேனாவுக்குப் பதில் கடிகாரம் வந்தது.

ஒருநாள் ரொமினா நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"மிஸ், கதையைப் பாக்கறீங்களா? நாய் இப்போ பஸ்ஸை ஆத்துக்குள்ள விட்டுடுச்சு."

"அப்புறம் பாக்கறேன் கண்ணு."

"நேத்தும் அப்புறம்னுதான் சொன்னீங்க மிஸ்."

மிஸ் தலை நிமிர்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரோமி, உன்னைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்லடா. நீ தூக்கத்துல எழுதினாலும் பாஸ். அதனாலதான், புரியுதா?"

பாராட்டுதான் அது. ஆனால் ரொமினாவுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பாராட்டின மாதிரி இருந்தது.

வீட்டில் போய் அம்மாவிடம் மூக்கை உறிஞ்சினாள். அம்மா எல்வா ஆரஞ்சுப் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் ஷெட்டில் வேலை பார்க்கிறவள். சாயங்காலம் வந்தால் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டுதான் எதையும் கேட்பாள்.

"இதுக்குப் போயா அழுவாங்க? எங்க ஷெட்லயும் இதே கதைதான்டி. நல்ல பழத்தை எவளும் திரும்பிப் பாக்க மாட்டா, அது பாட்டுக்கு உருண்டு போய்ப் பெட்டியில விழும். கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கறதெல்லாம் அரைகுறைப் பழத்தைத்தான். நீ நல்ல பழம். சந்தோஷப்படு."

"எனக்கு நல்ல பழமா இருக்க வேண்டாம்."

"அப்போ அழு. அழுத பிள்ளைக்குத்தான் பால்" என்று சொல்லிவிட்டு எல்வா டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

விளையாட்டாகச் சொன்னதுதான். பெண்ணோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் அடுத்த மாதிரித் தேர்வு வந்தது. மேஜையில் உட்கார என்ன மார்க் வேண்டும் என்பதை நயேலியிடமிருந்தே கறந்துவிட்டாள். இருபத்திநாலிலிருந்து இருபத்தேழு. நயேலி ஜனவரியில் வாங்கியது இருபத்திநாலு. ரொமினா இருபத்தாறு என்று குறி வைத்தாள். அப்படியானால் பதினாலு தப்பு போட வேண்டும்.

தப்பு போடுவது லேசுப்பட்ட வேலை என்று நினைக்காதீர்கள். முதலில் நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்தால்தான் பதினாலை எண்ணித் தப்பாக்க முடியும். அதுவும் மடத்தனமான தப்பாக இருந்தால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார். அதனால் ஒவ்வொன்றிலும் சரியான விடைக்கு அடுத்தபடியாக எது ஆளை ஏமாற்றுமோ, அதைப் பார்த்துப் பார்த்துக் கறுப்பாக்கினாள். வாழ்க்கையில் எந்தத் தேர்வுக்கும் அவள் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. மணி அடிக்கும்போது பென்சில் பிடித்த விரல் வியர்த்திருந்தது.

மார்க் வந்தது. இருபத்தைந்து!

பதினாலு தப்பு அவள் போட்டது. பதினைந்தாவது அவளுக்கே தெரியாமல் வந்த நிஜத் தப்பு. அந்த ஒன்றை நினைத்து அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. மற்ற பதினாலுக்கும் துளி வருத்தம் இல்லை.

மிஸ் சலினாஸ் அவளை நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போய், முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்னடா ஆச்சு? உடம்பு சரியில்லையா? வீட்டுல ஏதாவது சண்டையா? காலையில சாப்பிட்டியா நீ?"

"தெரியலை மிஸ். எழுத்தெல்லாம் குழம்பிடுச்சு."

"பயப்படாதே. நான் இருக்கேன். சரியா? நான் பாத்துக்கறேன்."

அந்த முகம் முழுசாகத் தன் பக்கம் திரும்பி எத்தனை நாளாயிற்று! ரொமினாவுக்கு அழுகை வந்தது. நடிப்பு இல்லை, சந்தோஷத்தில் வந்த நிஜ அழுகை. மிஸ் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கலங்கிப்போனார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு மிஸ் புதுப் பட்டியலை வாசித்தார். பெயர் வரட்டும் என்று நயேலி காத்திருக்கவில்லை. வழக்கம்போல நாற்காலியைக் கிறீச்சிட வைத்து எழுந்து பாதி தூரம் போய்விட்டாள்.

"நயேலி... இந்தத் தடவை நீ கம்ப்யூட்டர் பக்கம் உக்காந்துக்கோ கண்ணு."

"ஏன் மிஸ்? நான் இருபத்திநாலு மிஸ். போன தடவையும் இருபத்திநாலுதானே மிஸ்?"

"தெரியும்டா. மத்தவங்கல்லாம் கொஞ்சம் ஏறிட்டாங்க. நாற்காலி ஆறுதானே இருக்கு."

ஒரு மார்க்குகூட இறங்காமல் இடம் மட்டும் போய்விட்டது நயேலிக்கு. பின்சுவருக்குப் போய் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது அவள் தலைக்குப் பெரிசு, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலது கைப் பக்கத்து இடத்தில் ரொமினா உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் தன் மூக்குக்கு முன்னால் கை நீட்டினாளே, இப்போது தவளையோடு உட்காரட்டும் என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது.

மேஜைச் சுகம் ஒரு வாரம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அங்கே மிஸ் கதை வாசிப்பதில்லை, கதையைப் பற்றிப் பேசுவதுமில்லை. "முதல்ல கேள்வியைப் படி. ரெண்டு விடையை அடிச்சுடு. மீதி ரெண்டுல நீளமானதைச் சந்தேகப்படு" என்று அதே பாட்டை நாற்பது நிமிடமும் பாடினார். காத்தாடியைப் பற்றி அரைப் பக்கம், நீர்நாயைப் பற்றி அரைப் பக்கம். நீர்நாய்க்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று ரொமினா கேட்டாள். "அது டெஸ்ட்டுல வராதுடா" என்றார் மிஸ், கடிகாரத்தைப் பார்த்தபடி. தெரிந்த விடையை உடனே சொல்லிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், அது வேறு. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மிஸ்ஸின் முழங்கை அவ்வப்போது அவள் கையில் படும். வாரக்கணக்கில் அதற்குத்தானே ஏங்கினாள்!

வீட்டுக்கும் போன் போனது. எல்வா பதறிப்போய் மறுநாளே பெண்ணைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபம் டிவி மேல் திரும்பியது, வயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தினம் காலையில் இரண்டு முட்டை வைத்த டாகோ ரொட்டியைச் சுருட்டித் திணித்து, "மூளைக்கு நல்லதுடி, முழுங்கு" என்று பக்கத்திலேயே நின்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரொமினாவின் புளுகு பத்து நாள் தாங்கியது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட பஸ்ஸில் நயேலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"பதினேழாவது கேள்வி."

"என்னது?"

"கலங்கரை விளக்கத்துல ஒரு ஆளு. அவன் ஏன் நாய் வளர்த்தான்னு கேட்டிருந்தாங்கல்ல? டெஸ்ட் முடிஞ்சதும் நீ எங்கிட்ட என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு. சி-ன்னு சொன்னே. தனியா இருக்கான், பேச்சுத் துணைக்குன்னு. நான் ஏ போட்டுட்டேன்னு அழுதேன். போகுதுடி ஒரு மார்க்குதானேன்னு கண்ணைத் துடைச்சுவிட்டே. இன்னிக்கு மிஸ் மேஜை மேல உன் தாளைப் பாத்தேன். நீயும் ஏ."

"மாத்திப் போட்டிருப்பேன்."

"நீயா? மாத்திப் போடற மூஞ்சியைப் பாரு! வேணும்னே பண்ணியிருக்கே." நயேலியின் குரல் உடைந்தது. "உனக்கு என்னடி குறைச்சல்? முப்பத்தெட்டு வாங்கறே. ரொமினா மாதிரி எழுதுங்கன்னு மிஸ் பக்கத்து கிளாஸ்ல போய்ச் சொல்றாங்க. அதைக் கேட்டுட்டு எத்தனை நாள் நான் சோறு இறங்காம உக்காந்திருக்கேன் தெரியுமா? எனக்குன்னு ஒரே ஒரு நாற்காலி இருந்துச்சு. அதுவும் உனக்குப் பொறுக்கலை."

தன்மேல் யாருக்காவது பொறாமை இருக்கும் என்று ரொமினா கனவிலும் நினைத்ததில்லை. அதிலும் நயேலிக்கு! வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நீதானே கையை மூக்குல வெச்சு மோந்து பாரு, மோந்து பாருன்னே?"

நயேலி அவளையே பார்த்தாள். "கிரீம் வாசனைக்காகவா? அதுக்காகவா என் இடத்தைப் பிடுங்கினே?"

"அதுக்கில்லை..."

"நான் பாஸ் பண்ணலைன்னா இங்கேயே கிடப்பேன். நீ பெரிய பள்ளிக்கூடத்துல புதுசா ஒருத்தியைப் பிடிச்சுக்குவே. போடி. இனிமே எங்கூடப் பேசாதே." தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து, படியில் போய் நின்றுகொண்டாள்.

மார்ச் மாதத்துச் சின்னத் தேர்வில் நயேலி வாங்கியது பத்தொன்பது. அட்டவணையில் அவளுடைய பதினொன்றாம் எண் சிவப்புக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. தவளை எத்தனை குதி குதித்து என்ன பயன்? ரொமினா அந்த எண்ணைப் பார்த்தாள். மறுநாள் காலை முதல் மணிக்கு முன்னாலேயே போய் மிஸ் முன்னால் நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். திட்டு விழும், அம்மாவைக் கூப்பிடுவார்கள், மிஸ் இனி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தனைக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"எத்தனை?" என்றார் மிஸ்.

"பதினாலு மிஸ். பதினஞ்சாவது நிஜமாவே தப்பு."

மிஸ்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரொமினாவை வாரி அணைத்துக்கொண்டார். எலும்பு நொறுங்கும்படி அணைத்தார். "அப்போ நீ பாஸ்! கடவுளே, நீ பாஸ்தான்! என் வயித்துல பாலை வார்த்தேடா!" என்று அவள் தலைமேல் திரும்பத் திரும்ப முத்தம் கொடுத்தார்.

ஜனவரியிலிருந்து ஏங்கின அணைப்பு. கிடைத்துவிட்டது. திட்டு இல்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. அதுதான் ரொமினாவுக்கு உறுத்தியது. மிஸ் தன்னை அணைக்கவில்லை, தனக்குள் இருந்த முப்பத்தெட்டை அணைக்கிறார் என்று பட்டது. அணைப்புக்குள் நின்றபடியே அவளுக்கு அந்த முப்பத்தெட்டின் மேல் பொறாமையாக இருந்தது.

"மிஸ், அப்போ நயேலி என் இடத்துக்கு வரலாமா?"

மிஸ்ஸின் கை தளர்ந்தது. "மிஸ்டர் ப்ரூவர்கிட்ட கேக்கறேன்."

மிஸ்டர் ப்ரூவர் கெட்டவர் இல்லை. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பவர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்து அட்டவணை முன்னால் நின்றார். ரொமினா தன் சாமான்களைப் பழைய இடத்துக்கு எடுத்துப்போகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"பதினொண்ணாம் நம்பருக்கு இன்னும் ஒன்பது வேணும். மூணு வாரத்துல ஒன்பது எங்கேயிருந்து வரும்? எவரிஸ்டோவைப் பாருங்க, இருபத்திமூணு. அஞ்சு ஏறினா போதும். அவனை உக்கார வையுங்க."

"சார், அந்தப் பொண்ணு இருபத்திநாலுல இருந்தவ. நாமதான் எழுப்பிவிட்டோம்."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கே, மிஸ் சலினாஸ்."

அவர் போனதும் மிஸ் ரொமினாவைப் பார்த்தார். "நான் என்ன செய்யட்டும்டா? என் பேருக்கும் ஆபீஸ்ல ஒரு அட்டவணை இருக்கு. அதுல ரெண்டு வருஷமா நான் சிவப்பு. மூணாவது வருஷமும் சிவப்புன்னா என்னை இங்க வெச்சுக்க மாட்டாங்க." சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே நினைத்தாரோ என்னவோ, திரும்பிக் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ரொமினா இடைவேளையில் தன் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நயேலியைத் தேடிப் போனாள். "நான் சொல்லித்தரேன்டி. ரெண்டு விடையை அடிச்சுடணும், அப்புறம்..." நயேலி முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "போய் உன் மிஸ் மடியில உக்காரு" என்றாள். அடுத்த நாளும் போனாள், அடுத்த வாரமும் போனாள். ஒருநாள் நயேலி பேசாமல் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் கிடைத்தது.

ஏப்ரலில் தேர்வு வந்தது. சுவரில் இருந்த படம், எழுத்து, அட்டவணை எல்லாவற்றையும் பழுப்புத் தாள் போட்டு மூடினார்கள். அன்றைக்கு மட்டும் யார் என்ன நிறம் என்று தெரியவில்லை.

முடிவு வந்தபோது ரொமினா நாற்பதுக்கு நாற்பது. எவரிஸ்டோ சரியாக இருபத்தெட்டு, அவன் அம்மா பள்ளிக்கூட வாசலிலேயே மண்டியிட்டு அழுதாள். நயேலி இருபத்தாறு. பத்தொன்பதிலிருந்து எப்படித்தான் ஏறினாளோ, ஏறியிருந்தாள். இரண்டு கேள்வி! அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்காதா அந்த இரண்டும்? இந்தக் கேள்வியை யாரும் ரொமினாவிடம் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள். மிஸ் சலினாஸ் இந்த வருஷம் பச்சை, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பூங்கொத்து வந்தது.

மே மாத முதல் வெள்ளிக்கிழமை, தேறினவர்களுக்கு விழா. மைதானத்தில் காற்றடைத்த பெரிய நீர்ச்சறுக்கு, கலர் சிரப் ஊற்றின ஐஸ், காது கிழியப் பாட்டு. தேறாத ஒன்பது பேருக்கு உள்ளே வகுப்பு, இரண்டாவது தடவைத் தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான். ரொமினா இரண்டு தரம் சறுக்கிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஜன்னல் பக்கம் போனாள்.

உள்ளே வளைந்த மேஜையில் மிஸ்ஸும் நயேலியும் மட்டும் இருந்தார்கள். மற்ற எட்டுப் பேரும் கம்ப்யூட்டரில். இரண்டு தலையும் ஒரே தாளின் மேல் குனிந்திருந்தன. மிஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நயேலி என்னவோ சொன்னாள், மிஸ் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். செப்டம்பரில் சிரித்த அதே சிரிப்பு.

வெட்கங்கெட்ட வயிறு, மறுபடி எரிந்தது! இவ்வளவு நடந்த பிறகும், தன்னால்தான் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த பிறகும் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் நயேலி தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டு, நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தாள். சறுக்கின் உச்சியிலிருந்து எவரிஸ்டோ ஊளையிட்டுக்கொண்டு இறங்கினான்.

"தண்ணி ஜில்லுனு இருக்கா?" என்றாள் நயேலி.

"ம்."

மன்னிச்சுக்கோடி என்று சொல்லத்தான் ரொமினா வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"மிஸ் எதுக்குடி சிரிச்சாங்க?"

நயேலி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். கோபப்படவில்லை.

"வேணுமா? வா, மாத்திக்கலாம். நீ உள்ள போய் என் நாற்காலியில உக்காரு. நான் சறுக்குல போறேன். நீ இங்கேயே இன்னொரு வருஷம் மிஸ்கிட்ட இரு. நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறேன். சரியா?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். கிண்டல் இல்லை, சந்தையில் பேரம் முடிக்கிறவர்கள் நீட்டுவது போல நீட்டி, பதிலுக்குக் காத்து நின்றாள்.

ரொமினா அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைத் தூக்கவில்லை. தலையில் இருந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ரொமினா! உன் முறை வந்துடுச்சு, வர்றியா இல்லையா?" என்று மைதானத்திலிருந்து கத்தினார்கள்.

நயேலி இன்னும் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரொமினா ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள்.